கம்பியில்லாத விளக்கும் நாற்பத்தொரு வெள்ளை முகங்களும்

அந்த விளக்குக்கு ஒரு கண் இருந்தது. சட்டைப் பொத்தான் அளவில், லேசாகப் பச்சையோடிய கண்ணாடிக் கண். கோலாலம்பூரிலிருந்து தோட்டத்து லோரியில், வைக்கோல் அடைத்த மரப்பெட்டிக்குள் அது வந்து இறங்கியபோது எங்கள் ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, பெட்டியைத் தாமே தூக்கினார். பேனாவைவிடக் கனமான எதையும் அவர் தூக்கி அதுவரை நான் பார்த்ததில்லை. கேமராவின் தலையில் இருக்கும் விளக்கு மின்னினால், தள்ளி நிற்கும் இந்த விளக்கு தன் கண்ணால் அதைப் பார்த்து, நடுவில் கம்பி எதுவும் இல்லாமல், அதே கணத்தில் தானும் மின்னும். "பாத்தியா, ஆளுங்க சொன்னாலும் கேக்க மாட்டானுங்க. இது சொல்லாமலே கேக்குது" என்றார். சிப்பந்திகளிடம் அவர் எதிர்பார்த்த குணம் முழுவதும் அதனிடம் இருந்தது. நான் சின்னக் கிராணி, வயது இருபத்திரண்டு. "ஆமாங்கய்யா" என்றேன். அந்த விளக்கு வருவதற்கு முன்பு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

அது மலாயாவின் அவசரகாலம்; காட்டில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள், வெளியே அவர்களைத் தேடும் வெள்ளைக்காரன் பட்டாளம். கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். வாசலில் துப்பாக்கியோடு காவல். அடையாள அட்டை, எங்கள் பேச்சில் ஐசி, இல்லாதவர்களை மேஸ்திரியான மண்டோர் தலையெண்ணிப் பால் வெட்டக் கூட்டிப்போகலாம். அதற்கு மேல் ஓர் அடி கிடையாது, பஸ் ஏறுவது என்ற பேச்சே இல்லை. ஒருநாள் காலை, வெட்டு நடந்துகொண்டிருக்கும்போதே காட்டிலிருந்து சிலர் வந்து, அங்கிருந்தவர்களின் அட்டைகளை எல்லாம் வாங்கிக் குவித்துக் கொளுத்திவிட்டுப் போனார்கள். நாற்பத்தொரு பேர். புது அட்டைக்குப் புதுப் படம் வேண்டும். டவுனில் படம் பிடிக்கிறவர் எங்கள் சாலையில் உயிரோடு திரும்ப முடியும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வருகிறேன் என்றார்; யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அட்டை இல்லாதவர்கள் டவுனுக்குப் போகவும் முடியாது. தோட்டமே படத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார். புகைப்படக் கலைக்கென்று இங்கிலீஷ் பத்திரிகை வரவழைத்துப் படித்த ஒரே மனிதர் பெரிய கிராணிதான். சொந்தமாக நல்ல கேமராவும் வைத்திருந்தார். அதில் அவர் அதுவரை எடுத்திருந்தவை: துரையின் நாய், துரையின் கார், துரையின் காருக்குள் துரையின் நாய்.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர் மூன்றாம் லயத்து அக்கா. அவருடைய ஒரே மகள் அம்பாங் பெச்சாவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு, கோயிலில் அல்லாமல் தேவாலயத்தில் மாலை மாற்றிக்கொண்டாள். அக்கா கல்யாணத்துக்குப் போகவில்லை. ஒரு வருஷம் பேச்சில்லை. பிறகு மகள் முழுகாமல் இருப்பதாகவும், அம்மா வர வேண்டும் என்றும் ஆள் மூலம் சேதி வந்தது. மற்ற காலமாக இருந்தால் தலைப்பிரசவத்துக்கு மகள்தான் தாய்வீடு வருவாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வழியில் போலீஸ் போட்டிருந்த அத்தனை சாலைத் தடுப்புகளிலும் இறங்கி ஏற முடியாது என்பதால் தாய் போக வேண்டியதாயிற்று. அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"சின்னக் கிராணி, மாசம் நெருங்கிருச்சு. நான் போவலன்னா, சாமி மாறுனவளாச்சேன்னு ஆத்தாளே ஒதுக்கிட்டான்னு நெனச்சிருவா. படம் எப்பங்க?"

"விளக்கு வரட்டும்க்கா."

"வெளக்கா? பட்டப்பகல்லயா?"

சிரித்தேன். பெரிய கிராணி படித்து முடித்த பத்திரிகைகளை ஓசியில் படிக்கிறவன் என்ற முறையில், அவற்றைப் படிக்காதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எனக்கு இருந்தது.

எந்த விளக்கு என்ற ஆராய்ச்சியே பத்து நாள் நடந்தது. தட்டில் மருந்துப்பொடி கொட்டிக் கொளுத்தும் பழைய முறை வேண்டாம் என்றார் பெரிய கிராணி. அந்தச் சத்தத்துக்கும் புகைக்கும் காவல்காரன் முதலில் எங்களைத்தான் சுடுவான். அந்தப் பத்து நாளில் அவர் வாயிலிருந்து வந்த ஒரே புத்தியுள்ள வார்த்தை அது. அடுத்தது, ஒருமுறை எரிந்ததும் தூக்கிப் போட வேண்டிய பல்பு. "ஒரு மூஞ்சிக்கு ஒரு பல்பா? இதுங்க மூஞ்சிக்கா?" என்று பக்கத்தைத் திருப்பினார். பாட்டரியில் திரும்பத் திரும்ப மின்னும் விளக்கு அவருக்குப் பிடித்தது. ஆனால் முன்னாலிருந்து ஒரே விளக்கு அடித்தால் முகம் தட்டையாகிவிடும், பக்கவாட்டில் இன்னொன்று நின்றால்தான் மூக்கும் கன்னமும் எழும்பி வரும் என்று பத்திரிகை சொல்லியிருந்தது. இரண்டாவதற்குக் கம்பி இழுத்தால் யாராவது கால் தடுக்கி விழுவார்கள். "கம்பி இல்லாததே இருக்குதுங்கய்யா" என்று விலைப்பட்டியலில் விரலை வைத்தவன் நான். என் வாழ்க்கையில் நான் செய்த தொழில்நுட்பப் பங்களிப்பு அது ஒன்றுதான். பக்கவாட்டு வெளிச்சம் முகத்துக்கு உருவம் கொடுக்கும் என்பதென்னவோ உண்மை. அந்த வேலையை, ரப்பர் பாலைச் சேர்த்து வைக்கும் பால் ஸ்டோரின் வெள்ளைச் சுவர், வெயிலைத் திருப்பியடித்துத் தினமும் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது. சுவர்கள் விலைப்பட்டியலில் வருவதில்லை.

படம் எடுத்தது ஆபீசுக்குள், பிற்பகலில். சன்னலருகே கண் வைத்த விளக்கு, நடுவில் முக்காலி, பின்னால் துரை வீட்டுப் படுக்கை விரிப்பு. ஒவ்வொருவர் முகத்தையும் பெரிய கிராணி தலை சாய்த்துப் பார்த்தார். கறுப்பு முகம் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்பது அவருடைய சொந்த ஞானம். பத்திரிகைக்காரன்மேல் அந்தப் பழியைப் போட மாட்டேன். டப்பா டப்பாவாக முகப் பவுடர் வாங்கி வைத்திருந்தார். பூசிவிட்டவன் நான். ஆண், பெண், கிழவர் யாரும் தப்பவில்லை. "கூத்துக்கா கூட்டிப் போறீங்க?" என்று ஒரு கிழவர் கேட்டார். "பேசாதீங்க, ஒதட்டுல ஒட்டும்" என்றேன்.

நான்காவது ஆள் உட்காரும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மின்னல் வெட்டியது. சன்னலருகே நின்ற விளக்கு, சொல்லாமலே கேட்கும் அந்த உத்தமச் சிப்பந்தி, அதையும் கேமரா விளக்கென்று நம்பி வானத்துக்குப் பதில் சொல்லி மின்னியது. மூலையில் உட்கார்ந்திருந்த காவல்காரன் துப்பாக்கியோடு மேசைக்கடியில் போய்விட்டான். அடுத்த மின்னல், அடுத்த பதில். "மேல இருக்கறவருக்கும் ஐசி எடுக்கறாங்க லா!" என்று வரிசையில் யாரோ கத்த, நாற்பது வெள்ளை முகங்களும் சிரித்தன. மழை விடுவதற்குள் விளக்கின் பாட்டரி செத்துப்போயிற்று. நிறுத்தியிருக்கலாம். பெரிய கிராணி ஆட்கள் பார்க்கும்போது பின்வாங்குகிறவர் அல்லர். கேமரா தலையில் இருந்த ஒற்றை விளக்கை வைத்தே எல்லோருக்கும் நேர் முகத்தில் வெளிச்சம் அடித்துப் படம் எடுத்து முடித்தார். அக்கா கடைசிக்குச் சற்று முன்னால் உட்கார்ந்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக்கூட நான் இது போட்டதில்ல" என்றார்.

டவுனில் கழுவி, ஒரு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. இரண்டு கண், இரண்டு மூக்குத் துளை, சுற்றிலும் மாவு. வெள்ளை விரிப்பில் முகம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கத் தனிப் பார்வை வேண்டும். அட்டைக்காக வந்திருந்த மலாய் இன்ஸ்பெக்டர் ஒரு படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆறு பெண்களின் முகத்தருகே வைத்துப் பார்த்தார். ஆறும் பொருந்தின. பிறகு ஓர் ஆணின் முகத்தருகே வைத்தார், அதற்கும் மோசமில்லை. படங்களை மேசையில் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பெரிய கிராணி கலங்கவில்லை. விளக்கு விற்ற கடைக்கு நான்கு பக்கக் கடிதம் சொன்னார். நான் டைப் அடித்தேன். பதில் வரும்வரை யாரும் படம் எடுக்கக் கூடாது என்றார். அதையும் டைப் அடித்து அறிவிப்புப் பலகையில் குத்தினேன். கேமரா என் மேசை இழுப்பறையில் இருந்தது. அதற்குள் பிலிமும் மிச்சம் இருந்தது. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது நாள் காய்ந்தது.

பத்தாம் நாள் அக்கா வந்தார். பெரிய கிராணி சாப்பாட்டுக்குப் போயிருந்தார்.

"என் மூஞ்சிய எங்கய்யா வச்சீங்க?" என்றார்.

"கடையிலேருந்து பதில் வரணும்க்கா. ஐயா உத்தரவு."

"ஆம்பளப் புள்ள பொறந்திருக்காம். லோரிக்காரரு சொல்லிட்டுப் போறாரு. ஆத்தா எங்கன்னு கேட்டாளாம்." அழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, விடுவிடுவென்று போய்ப் பால் ஸ்டோரின் வெள்ளைச் சுவரோரப் படியில் உட்கார்ந்தார். "எடு. ஒங்க ஐயா வந்தா நான் பேசிக்கிறேன்."

எடுத்தேன். ஒரே அழுத்தம். அத்தனை நாள் ஆராய்ச்சிக்குப் பிறகு அந்த வேலைக்கு இரண்டு வினாடி போதுமாக இருந்தது. நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பெரிய கிராணி சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்தைக் கணக்கில் வைத்துத்தான் எடுத்தேன். படத்தில் அக்கா அக்காவாகவே இருந்தார்: புருவத் தழும்பு, கோபம், எல்லாம். இன்ஸ்பெக்டர் ஒரு பார்வை பார்த்துத் தலையசைத்தார். மற்ற நாற்பது பேரையும் அதே படியில் உட்கார வைத்து எடுத்தோம். அது தம்முடைய யோசனை என்று பெரிய கிராணி துரையிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "ஆமாங்கய்யா" என்றேன்.

அக்கா அட்டையோடு அம்பாங் பெச்சாவில் போய் இறங்கியபோது பிள்ளைக்கு முப்பது நாள் ஆகியிருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஞானஸ்நானம் முடிந்துவிட்டிருந்தது.

இதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த கதைதான் என்று இத்தனை காலம் இருந்துவிட்டேன். போன மாதம், அம்பாங் பெச்சாவை அடுத்த கோலகுபு பாருவில் ஒரு கல்யாண விருந்து. இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்திலும் படக்காரர் மூலைக்கு ஒன்றாகக் கம்பியில்லாத விளக்குகளை நிறுத்தி வைத்துவிடுகிறார். எல்லாம் சேர்ந்து மின்ன, சோற்றில் கைவைத்தவர்கள் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுச் சாப்பிடுகிறார்கள். மாப்பிள்ளையின் தாய் பந்தியை விசாரித்துக்கொண்டு வந்தார். எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தேன் என்று பேச்சு வந்ததும் நின்றுவிட்டார்.

"எங்கம்மா அங்கதாங்க இருந்தாங்க, மூணாவது லயத்துல. இந்த மாப்பிள்ளப் பய பொறந்தப்பதான் வரல. ஞானஸ்நானம் முடியட்டும்னு வேணும்னே காத்திருந்து வந்தாங்க. கேட்டா, ஆபீசுல எடுத்த ஃபோட்டோ சரியில்ல, அதான் கார்டு குடுக்கலன்னாங்க." சிரித்தார். "நம்பற மாதிரியாங்க இருக்கு? படிச்சவங்க, கிராணிமாருங்க, கேமரா வச்சு எடுத்த ஃபோட்டோ சரியில்லியாம்! பொய் சொன்னாலும் பொருத்தமா சொல்லத் தெரியல பாவம். அப்புறமும் வந்தாங்க, போனாங்க. விருந்தாளி மாதிரிதான். போயிச் சேந்து மூணு வருசமாச்சு."

சொன்னேன். விளக்கு, மின்னல், பவுடர், நான்கு பக்கக் கடிதம், இழுப்பறையில் இருந்த கேமரா, ஒன்றையும் விடவில்லை. இந்தக் கதையை நான் பல விருந்துகளில் சொல்லி ஆட்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுகூட எனக்கு அத்துப்படி. அவர் எந்த இடத்திலும் சிரிக்கவில்லை. பரிமாறும் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று கேட்டார்.

"அப்ப அம்மா சொன்னது நெசமா?"

"நெசம்தாம்மா."

"எங்கம்மா இருக்கறப்ப வந்து இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்க."

சொல்லியிருக்கலாம். தோட்டத்தை விட்ட பிறகும் இத்தனை வருஷமாக நான் கோல சிலாங்கூரில்தான் இருக்கிறேன். பஸ் இருந்தது. சாலைத் தடுப்புகளை எப்போதோ எடுத்துவிட்டார்கள். அப்படியே எவனாவது நிறுத்திக் கேட்டிருந்தாலும், என் அட்டையில் என் முகம் தெளிவாகத்தான் இருந்தது.