நல்ல கண்ணைக் கட்டுகிற வேலை

குழந்தைகளின் கண்ணைப் பரிசோதிக்கிற வேலையில் நன்றியைவிடத் திட்டுதான் ஜாஸ்தி கிடைக்கும். பிள்ளைக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிடவே மல்லுக்கட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆம்பூரில் எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கும் ஒருபடி மேலே போய், நன்றாகத் தெரிகிற கண்ணை மூடச் சொல்லுவோம்.

முதல் பரிசோதனை

ஷாலினிக்கு ஆறு வயது. ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் அவள் அம்மா சுகுணா, பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பினார்கள் என்று கூட்டிவந்தாள். வலது கண்ணால் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்த பெண், அதை மூடியதும் முதல் எழுத்திலேயே தடுமாறினாள். கண்ணாடி போட்டும் அப்படியேதான்.

டாக்டர் சொன்னதை நான் சுகுணாவுக்கு விளக்கினேன். இடது கண்ணில் நோய் எதுவும் இல்லை. பிறந்ததிலிருந்தே பவர் ஜாஸ்தி என்பதால் மங்கலான படத்தையே அனுப்பியிருக்கிறது. மூளை தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. கண்ணுக்கும் மூளைக்குமான நரம்புத் தொடர்பு சின்ன வயதில் பார்க்கப் பார்க்கத்தான் உறுதிப்படும். வயது ஏற ஏறச் சரிசெய்வது கஷ்டம். தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை பேட்ச் ஒட்டி மூடினால், மூளை வேறு வழியில்லாமல் இடது கண்ணைப் பயன்படுத்தப் பழகும்.

சுகுணா நம்பவில்லை. ஷாலினியின் வலது கண்ணைக் கையால் மூடி, எதிரே யார் என்று கேட்டேன்.

"அம்மா. ஆனா மூஞ்சி இல்ல."

இடம் மாறிய பேட்ச்

அடுத்த முறை அவளைக் கூட்டிவந்தது அப்பா முருகன், தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்ப்பவர். பேட்ச் இடது கண்ணில் இருந்தது. பெண் கதவில் முட்டிக்கொள்கிறாளே என்று மனசு கேட்காமல் அவரே மாற்றி ஒட்டியிருக்கிறார். நான் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அடிபட்ட கால உட்டுட்டு நல்ல கால்லயா சிஸ்டர் கட்டு போடுவாங்க?"

காற்றோட்டம்

எங்கள் ஊர் வெயிலில் பேட்ச் ஒட்டிய இடமெல்லாம் சிவந்துபோனது. சுகுணா ஷூவுக்குள் வைக்கிற லைனிங் தோலில் ஒரு மறைப்பு தைத்து, எலாஸ்டிக் வைத்து மாட்டிவிட்டாள். அழகான வேலை. சில மாதம் கழித்துப் பார்த்தபோது பார்வையில் துளி முன்னேற்றம் இல்லை. பெண் ஒரு நாள்கூட அழவில்லை என்றாள் சுகுணா, பெருமையாக. அதுதான் எனக்கு இடித்தது. தெரியாத கண்ணோடு விட்டால் எந்தக் குழந்தையும் அழும்.

அந்த மறைப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தோல் முழுக்கப் பொடிப்பொடியாகத் துளைகள். கால் வேர்க்காமலிருக்கக் கம்பெனியில் துளை போட்ட லைனிங் அது. மகளின் கண் வேர்க்கக் கூடாதென்று தேடிப்பிடித்து அதில் தைத்திருக்கிறாள். துளைகளைச் சுகுணாவிடம் காட்டினேன். அவளை என்ன சொல்ல முடியும்? ஷாலினிதான் பேசினாள்.

"ஓட்ட வழியா டிவி நல்லா தெரியுது ஆன்ட்டி."

மூக்குத்தி

காலம் கடந்துவிட்டதா என்று மட்டும் சுகுணா கேட்டாள். டாக்டர் உறுதி எதுவும் தரவில்லை. இன்னும் வயது இருக்கிறது, விடாமல் செய்யுங்கள் என்றார். துளையில்லாத தோலில் புதிது தைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் அழுகை. மறைப்பைப் பிடுங்கவரும் கைகளைப் பிடித்துக்கொண்டு சுகுணாவும் சேர்ந்து அழுவாளாம். பார்க்கத் தாங்காமல் முருகன் டீக்கடைக்குப் போய்விடுவாராம். வந்தபோதெல்லாம் இருவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் ஷாலினி இடது கண்ணால் பாதிப் பலகை படித்தாள். மீதி வருமா என்று எனக்குத் தெரியாது. பழையபடி வலது கண்ணைக் கையால் மூடி, எதிரே யார் என்று கேட்டேன். முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா. மூக்குத்தி போட்டிருக்கு."

சுகுணா மூக்கைத் தொட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆம்பூரில் குழந்தைகளை அழவைத்துச் சம்பளம் வாங்குகிற வேலை ஒன்று உண்டென்றால் அது என்னுடையதுதான்; விடுவதாக இல்லை.