மூன்று வரிக்கு ஒரு முகம்

“சிரிங்க” என்று மணிமொழி சொல்வதில்லை. ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டுவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நின்று மூன்று வரி சொல்கிறார்.

கோயில் வாசல்;
எல்லாம் துறந்த சாமியார்
தேடுகிறார் செருப்பை.

ஸ்டூலில் விறைப்பாக இருந்த கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா சிரித்துவிட்டார். உடனே கிளிக்.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், செங்குத்தான படி ஏறினால் இவரது ஸ்டுடியோ. பஸ் பாஸ் படத்துக்குப் போன என்னையும் விடவில்லை.

‘தந்தி’ என்றொரு குரல்;
அரிசி களைந்த கை
நீரிலேயே.

அதைக் கேட்டு என் முகம் போன போக்கை எந்த பாஸிலும் ஒட்ட முடியாது. “இது எனக்குங்க. உங்களுக்கு வேற எடுத்துத் தரேன்” என்றார்.

இப்படி முகம் சேர்க்கவைத்தவர் சக்கரவர்த்தி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எங்கள் இலக்கிய மன்றச் செயலாளர். “நகை, அழுகை, அச்சம்னு மெய்ப்பாடு எட்டும் ஒடம்புல தெரியணும்மா. ஹைக்கூ அதுக்குப் பத்தாது” என்று, மணிமொழி வாசித்து முடித்ததும் சபையிலேயே சொல்லிவிட்டார். மணிமொழிக்குச் சுருக்கென்றது. “எட்டு ஹைக்கூ, அதக் கேட்ட எட்டு மொகம். பேரு எழுதாம அடுத்த கூட்டத்துல மாட்டறேன். எதெது என்னன்னு நீங்களே சொல்லுங்க ஐயா. ஒண்ணு தப்பினாலும் இனிமே மன்றத்துல வாசிக்க மாட்டேன்.” வீம்புக்காரி. எனக்குத்தான் பயமாக இருந்தது.

ஏழு அமைந்துவிட்டன. பெருமிதம் மட்டும் வசப்படவில்லை. மலை, தீபம், கொடி என்று எழுதி எழுதிச் சொன்னார். கேட்டவர்கள் எல்லாம் கட் அவுட் போல விறைத்தார்கள். “பெருமிதம்னா ஓட்டுக் கேக்கக் கெளம்பிட்றாங்க” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மகளிர் குழு விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க அடி அண்ணாமலையிலிருந்து ஜோதியம்மாள் வந்தார். அறிவொளி வகுப்பில் ஆறு மாதம் கையெழுத்துப் பழகியவர். “விண்ணப்பத்துல கைநாட்டு வெக்கச் சொல்லி ஆபீஸ்ல இருக்கற தம்பி மை டப்பாவ நீட்டுச்சு. அத அப்பால வெய்ப்பா, பேனா குடுன்னேன்” என்றார். மணிமொழி கேமராவுக்குப் பின்னால் போனார். விரல் மடக்கி வரி எண்ணிச் சொன்னார்.

நீட்டிய மை டப்பா;
அப்பால் நகர்த்திவிட்டுக்
கேட்கிறாள் பேனா.

ஜோதியம்மாள் விறைக்கவில்லை, சிரிக்கவுமில்லை. முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்தார்.

மன்றம் கூடும் நூலக மாடியில் எட்டுப் படங்களும் தொங்கின, ஒவ்வொன்றின் கீழும் அதன் மூன்று வரி. சக்கரவர்த்தி ஒவ்வொன்றாக நின்று படித்து, பார்த்து, பெயர் சொன்னார். ஏழும் சரி. எட்டாவதின் முன் வெகுநேரம் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிகளை மறுபடி படித்தார். கூன் விழுந்த அந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது, மோவாய் உயர்ந்தது.

அவர் பதில் சொல்லும்வரை மணிமொழி காத்திருக்கவில்லை. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய், அவரைக் கிளிக் செய்தார்.