சம்ஃபிராவின் பிளக்

எங்கள் அடுக்குமாடிக் கட்டிடத்தில் எங்கள் வாசல் வழியாகப் போய்வந்த அத்தனை வீட்டுக்காரர்களின் குடுமியும் பல வருஷமாக ஐந்தாம் மாடி சம்ஃபிராவின் கையில் இருந்தது. பெரிய பதவியெல்லாம் இல்லை. அவள் வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பிளக் இருந்தது, அவ்வளவுதான்.

ப்ரைலா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள் அவள். டான்யூப் ஆற்றுக்கு மேலே கூண்டில் உட்கார்ந்து, கீழே நிற்கும் ஆண்களை வாய்க்கு வந்தபடி ஏசி ஏசிக் குரல் தடித்துப் போனது. அந்த இரைச்சலில் காதும் பாதி போனது. புருஷன் கான்ஸ்டான்சாவில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன், போனவன்தான். பிள்ளையும் இல்லை. துறைமுகத்தில் ஆள் குறைத்தபோது அவளை முதலில் அனுப்பினார்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இரண்டு அறை மட்டும் அவளுக்கு மிஞ்சியது.

அந்த மொட்டை மாடி ஒழுகும். கூரை எல்லாருக்கும் பொது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பழுதுபார்க்கும் பேச்சை எடுத்தால் கீழ் வீட்டுக்காரர்களுக்குக் காது கேட்காது. தரைத்தளத்தில் இருக்கும் கொஸ்டாகேதான் எங்கள் வாசலுக்கு நிர்வாகி. "மழை உன் மேலதானே பெய்யுது, என் மேலயா பெய்யுது?" என்பார், கூசாமல்.

கேபிள் டிவி வந்த புதிதில், தெருமுனையிலிருந்து வரும் ஒயரில் படம் மங்கிப் போகிறது, அதைத் தூக்கிக் கொடுக்க மேல்மாடியில் ஒரு பெட்டி வேண்டும், பெட்டிக்கு யாராவது கரண்ட் கொடுக்க வேண்டும் என்றார்கள். எல்லாரும் கதவைச் சாத்திக்கொள்ள, சம்ஃபிரா மட்டும் திறந்தாள். அதற்காக அவளுக்கு டிவி இலவசம். பெட்டியை அவள் கதவுக்கு மேலே மாட்டி, நிலையில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே விட்டார்கள். பிற்பாடு இன்டர்நெட்டும் அதே வழியாகத்தான் எல்லா வீட்டுக்கும் வந்தது.

ஒரு நவம்பர் மழையில் அவள் வீட்டுக் கூரைப் பூச்சு கட்டிலில் விழுந்தது. கீழே போய்ச் சண்டை போட்டுப் பார்த்தாள். பலிக்கவில்லை. மேலே வந்து பிளக்கைப் பிடுங்கினாள். சற்று நேரத்தில் வாசலே அவள் கதவில் நின்றது.

"அக்கா, மேட்ச் நடக்குதுக்கா! தயவு பண்ணுக்கா!"

"தார் வாளிய எடுத்துட்டு மாடிக்குப் போங்கடா. பூசி முடிச்சா படம் வரும்."

பூசினார்கள். அப்புறம் அது வருஷா வருஷம் நடக்கிற சடங்காகிவிட்டது. முதல் பெருமழை, பிளக், தார். முடிந்ததும் எல்லாருக்கும் முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிய சர்மாலேயும் பிளம் சாராயமும் அவள் வீட்டில். திட்டிக்கொண்டே பரிமாறுவாள். நான் நான்காம் மாடி, அவளுக்கு நேர் கீழே. அவளை நனைத்த தண்ணீர் அடுத்து என்னிடம்தான் வரும் என்பதால் நான் எப்போதும் அவள் கட்சி.

இந்தக் கோடையில் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். தெருமுனைப் பெட்டியோடு நின்றுவிட்டிருந்த ஃபைபரை எங்கள் வாசலுக்குள்ளேயே இழுத்து, கொஸ்டாகே கதவுக்கு எதிரில் புதுப் பெட்டி மாட்டினார்கள். அதற்கான கரண்டும் கம்பெனியுடையதே. வீட்டுக்குள் போகும் கறுப்பு ஒயர் மட்டும் பழையது. மேல்மாடிப் பெட்டியைக் கழற்ற யாருக்கும் பொறுமையில்லை, இணைப்பை மட்டும் பிரித்துவிட்டார்கள். அதன் பச்சை விளக்கு முன்போலவே எரிந்தது. நெட் இனிப் பறக்கும் என்றார்கள். சம்ஃபிரா அவர்களுக்குக் காபி கொடுத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டு கொட்டென்று கொட்டியது. மத்தியானம் என் தலையணையில் சொட்டியது. டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்ததால், அவள் இன்னும் பிடுங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கொஸ்டாகேயிடம் போனேன்.

"காலைலயே பிடுங்கிருச்சு. பச்சை விளக்கு அணைஞ்சிருக்கு, மேல போய்ப் பாத்துட்டு வந்தேன்," என்று சிரித்தார். "பிடுங்கட்டும், பிடுங்கட்டும். அது இப்ப வெறும் டப்பா. எல்லாம் இந்தப் பெட்டிலேர்ந்துதான் வருது."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"அப்ப கூரை?"

"உன் மேலயும் பெய்யுதா? ஐயோ பாவம்," என்றபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. வைக்காமல் மாடி ஏறினேன்.

கதவைத் தட்டியதும் திறந்தாள். நல்ல ரவிக்கை போட்டு, தலைமுடியைத் தூக்கி முடிந்திருந்தாள். உள்ளே சர்மாலே வாசனை. தரையெங்கும் பாத்திரங்கள், எல்லாவற்றிலும் சொட்டுச் சத்தம். நனையாமலிருக்க டிவியை ரப்பர் துணியால் மூடியிருந்தாள். மேசையில் சாராயக் குவளைகள் வரிசையாக இருந்தன.

"வந்துட்டியா! இந்தத் தடவை என்னடா இவ்ளோ லேட்டு? டிவி போச்சா?" அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "மத்தவனுங்க எங்க? தார் எடுக்கப் போயிருக்கானுங்களா?"

அந்த நேரம் பார்த்துக் கீழே எல்லா மாடியிலும் ஒரே சமயத்தில் "கோல்!" என்று கத்தினார்கள். அவளுடைய பாதிக் காதுக்கும் அது கேட்டது.

கதவுக்கு மேலே இருந்த பெட்டியைப் பார்த்தாள். தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள்.

"எல்லார் வீட்லயும் வருதா?"

"வருதுக்கா."

"அப்ப நீ எதுக்கு வந்தே?"

"எனக்கும் ஒழுகுதுக்கா."

உள்ளே போனாள். நிறைந்திருந்த ஒரு பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"இத வச்சுக்கோ," என்றாள். "எங்கிட்ட இன்னும் இருக்கு."