விசாரணைக் கமிஷன் வாய் திறந்த கதை

அந்தத் தையல்காரிக்கு விசாரணைக் கமிஷன் என்று பெயர் வைத்தது ஊரார் இல்லை, கட்டிய கணவர்தான். பஸ் ஓட்டுகிற மனிதர். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஏன் தாமதம், எந்த வழியாக வந்தீர்கள், வயிற்றுக்கு ஏதாவது போட்டீர்களா என்று அவள் ஆரம்பித்துவிடுவாள். அவரும் சட்டையை ஆணியில் மாட்டிக்கொண்டே, "கமிஷன் கூடிடுச்சுப்பா" என்பார். கடையிலும் இதே கூத்துதான். ஒரு சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் அரை வக்கீலாகித்தான் திரும்பிப் போக வேண்டும். ஆனால் அவள் தைத்த துணி சரியில்லை என்று ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று ஆனதும் ஆஸ்பத்திரி பார்க்கும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள். ஆபீஸில் வேலை பார்ப்பவள். ஃபோனில் துருவித் துருவித் தேடி, நோயாளிகளின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய இடமாகப் பிடித்துவிட்டாள். வாசலிலேயே அந்த நட்சத்திரங்களைப் பித்தளையில் செய்து பதித்திருந்தார்கள். தரையில் குனிந்தால் முகம் தெரிந்தது.

சேர்க்கும் இடத்தில் தையல்காரி முதல் வேலையாக ஒன்றைச் சொன்னாள். சீழுக்கும் காய்ச்சலுக்கும் போடுகிற ஓர் ஊசி மருந்து அவருக்குச் சுத்தமாகச் சேராது. பல வருஷம் முன்னால் ஒரு கிளினிக்கில் தெரியாமல் போட்டு, முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மனிதர் மூச்சுக்குத் தவித்ததை அவள் கண்ணால் பார்த்தவள். அந்த மருந்தின் பெயரை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அங்கிருந்த பெண் அதை அக்கறையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். கத்தியை எப்படிக் கழுவுவீர்கள், மயக்கம் கொடுப்பது யார், அவர் ராத்திரி நன்றாகத் தூங்கினாரா என்று கமிஷன் நீண்டுகொண்டே போனது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மகளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"அம்மா, மானத்த வாங்காதம்மா. அஞ்சு ஸ்டார் ஆஸ்பத்திரி இது. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது? அப்பா டிஸ்சார்ஜ் ஆகற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

கமிஷனுக்கு லீவு என்று கணவரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் வேறு, பாவம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே மெல்ல எழுந்து நடந்தார். காலையில் வந்த டாக்டர், இனி ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்பி வந்தால், சுவரோரக் கட்டிலில் இருந்த கணவர் ஜன்னலோரக் கட்டிலில் ஜம்மென்று படுத்திருக்கிறார். ஜன்னலோரம் இருந்த வாத்தியார், காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர், இவருடைய கட்டிலில் குறட்டை விடுகிறார். வெயில் கண்ணில் அடித்துத் தூக்கம் வரவில்லை என்று வாத்தியார் புலம்பினாராம், அதற்கென்ன சார், இங்கே வாருங்கள் என்று இவர் எழுந்து கொடுத்துவிட்டாராம். காலமெல்லாம் பஸ்ஸில் ஆட்கள் இடம் மாறி உட்காருவதைப் பார்த்தே பழகிய மனிதர். யார் எங்கே உட்கார்ந்தால் என்ன, அவரவர் இடத்தில் இறங்கினால் சரி என்பது அவர் கணக்கு.

நர்ஸிடம் சொன்னீர்களா என்ற கேள்வி அவள் நுனிநாக்கு வரை வந்தது. மகள் பக்கத்திலேயே இருந்தாள். தையல்காரி கேள்வியை விழுங்கினாள்.

சாயங்காலம் வேலைக்கு வந்த புது நர்ஸ் ஊசித் தட்டோடு உள்ளே நுழைந்தாள். பக்கத்து அறையிலிருந்து நர்ஸைக் கூப்பிடுகிற மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஜன்னல் கட்டில்தானே? கைய நீட்டுங்க ஐயா."

ஜன்னல் கட்டில்தான் என்று இவரும் தலையாட்டினார். பெயர்ப் பட்டை கட்டிய கை போர்வைக்குள் இருந்தது. இன்னொரு கையைச் சமர்த்தாக நீட்டினார். நர்ஸ் பஞ்சால் துடைத்தாள். டாக்டர் ஊசி வேண்டாம் என்றாரே, பின்னே இது என்ன? தையல்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சத்தியமாவது மண்ணாவது!

"சிஸ்டர், கொஞ்சம் நில்லுங்க. இது என்ன மருந்து? யாருக்கு?"

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா என்றாள். நர்ஸும் சற்று வெடுக்கென்றுதான் மருந்தின் பெயரைச் சொன்னாள். கால் புண்ணுக்கு என்றாள்.

அந்தப் பெயர் காதில் விழுந்ததும் தையல்காரி எழுந்துபோய் ஊசிக்கும் கணவர் கைக்கும் நடுவில் தன் கையை வைத்துவிட்டாள். "இவருக்குக் கால்ல புண்ணே இல்லம்மா. வயித்துலதான் ஆபரேஷன். இந்த மருந்து இவருக்கு ஆகவே ஆகாது."

நர்ஸ் அப்படியே நின்றாள். அவரையே அவர் பெயரைச் சொல்லச் சொன்னாள். போர்வையை விலக்கிப் பட்டையைப் படித்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுதாம்மா. பட்டையப் பாத்திருக்கணும், பேர அவர் வாயால சொல்ல வெச்சிருக்கணும். மணி அடிக்குதுன்னு அவசரப்பட்டுட்டேன்."

தையல்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். நர்ஸ் நடந்ததை மறைக்காமல், தானே போய்த் தலைமை நர்ஸிடம் சொல்லி அழைத்து வந்தாள். தலைமை நர்ஸ் இருவரையும் பழையபடி அவரவர் கட்டிலுக்கு மாற்றினார். யாரையும் கேட்காமல் கட்டில் மாறிய இரண்டு பெரிய மனிதர்களுக்கும் நல்ல திட்டு கிடைத்தது. பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பினார்.

"யாரு என்ன நினைச்சா என்னம்மா, நீங்க கேளுங்க. என்ன மருந்து, யாருக்கு, எதுக்குன்னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க. வாசல்ல இருக்கிற நட்சத்திரம் நாங்க மட்டும் வாங்கினது இல்ல, உங்கள மாதிரி கேக்கறவங்களும் சேந்து வாங்கிக் கொடுத்தது."

 மகள் வந்து அம்மாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்குப் போகிற நாளில் மருந்து கொடுக்கிற ஜன்னலில் கூட்டம். சக்கர நாற்காலியில் கணவர், பின்னால் மகள், கையில் மாத்திரைப் பையோடு தையல்காரி. அவள் ஒன்றும் கேட்காமல் நகரப் பார்த்தாள். மகள்தான் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, எது எதுக்குன்னு கேளும்மா."

அவள் பையை ஜன்னல் மேடையில் கவிழ்த்து, ஒவ்வொரு மாத்திரையாக எடுத்து ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? ஒரு வேளை மறந்துபோனால்? இரண்டையும் சேர்த்துப் போடலாமா? வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கணவர் நாற்காலியிலேயே திரும்பி, பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களை உள்ளே வரச் சொல்கிற குரலில் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. கமிஷன் நடக்குது."