விரதத்தில் மாத்திரை

முக்கூடலில் எங்கள் தெருவுக்குப் பைத்தியத்தைக் கண்டால் ஆகாது; சாமியாடியைக் கண்டால் காலில் விழும். யார் பைத்தியம், யார் சாமியாடி என்று சொல்லும் அதிகாரம் பெருமாள்ராஜிடம் இருந்தது. அம்மன் கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. நெற்றிக்குப் பின்னால் மட்டும் ஒன்றும் கிடையாது.

அவருடைய தங்கை தங்கத்தாய்க்கு மனநோய். சில சமயம் நாள்கணக்கில் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பாள். அப்போதெல்லாம் அண்ணன் அவளை அம்மன் என்றார். வாசலில் நாற்காலி போட்டு, குறி கேட்க ஊரைக் கூட்டினார். பேச்சு அடங்கி அவள் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது, அதே அண்ணன் 'கிறுக்கி' என்று சொல்லி அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. கூட இருந்தது மகள் பிரியதர்ஷினி மட்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பாள். அன்றைக்குக் கொஞ்சலா அடியா, சோறா பட்டினியா என்பது அதில் தெரிந்துவிடும். இப்படி வளர்ந்த பிள்ளைக்கு மனசு ஒரு நிலையில் நிற்கவில்லையே என்று எங்கள் தெரு ஆச்சரியப்பட்டது. பெரிய அறிவாளிகள்!

வளர்ந்து பீடி சுற்ற வந்த பிரியதர்ஷினி, ஒருநாள் பாடிக்கொண்டே இரண்டு ஆள் வேலை பார்ப்பாள். மறுநாள் பீடித் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அழுவாள். ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. தனக்கும் அம்மா மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து, அதற்குள் அம்மாவை மாத்திரையால் மீட்டெடுத்திருந்த டாக்டரிடமே திருநெல்வேலிக்கு பஸ் ஏறினாள்.

"அம்மா மாதிரியே ஆகணும்னு இல்லம்மா. ஆனா மாத்திரைய நடுவுல மட்டும் நிறுத்திராத" என்றார் அவர்.

விடாமல் போட்டாள். தூக்கம் வந்தது. பீடித் தட்டு அதற்குப் பிறகு பறக்கவில்லை.

தெருவுக்கு அது பொறுக்கவில்லை. தங்கத்தாய் தெளிந்த நாள் முதல் கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சாமியாட ஆளில்லை. பெருமாள்ராஜ் மருமகளைத் தேடி வந்தார்.

"ஏட்டி, ஒனக்கு வருத கோவம் சும்மா கோவமில்ல. அம்மன் எடம் பாக்கா. கொடைக்கு நீதான் ஆடணும்."

"நான் மாத்திரை போடுதேன் மாமா."

"விரதத்துல மாத்திரையா? அம்மன் கிட்டயே வரமாட்டா. இன்னைக்கே நிறுத்திரு."

விரதம் இருந்த தலைவருக்கு வாழைத்தோப்பில் பாட்டில் ஆகும். ஒரு பெண்ணைத் தூங்கவைக்கும் மாத்திரைதான் அம்மனுக்கு ஆகாதாம்!

"அண்ணே, என்னைய ஆட்டி வச்சது போதும். அவளயாவது விட்ருங்க" என்று தங்கத்தாய் கெஞ்சினாள். மாத்திரை தின்கிறவள் பேச்சை யார் காதில் வாங்குவார்கள்? பிரியதர்ஷினி மாமாவிடம் வாக்குவாதம் செய்யவில்லை. மாத்திரையை நிறுத்தவும் இல்லை.

கொடையன்று மத்தியானம் மேளம் உச்சத்துக்கு ஏறியது. அம்மாவின் பக்கத்தில் சும்மா நின்றவளைப் பெருமாள்ராஜ் கையைப் பிடித்து நடுவில் இழுத்தார். தடுக்க வந்த தங்கச்சியை, "தள்ளிப் போட்டி, கிறுக்கி" என்று பிடித்துத் தள்ளினார். அவள் மல்லாக்க விழுந்தாள்.

பிரியதர்ஷினி கத்திய கத்தல் மேளத்தை மீறிக் கேட்டது. உடனே பெண்கள் குலவையிட்டார்கள். சூடம் ஏற்றினார்கள். பெருமாள்ராஜ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "என்ன குறை, சொல்லு தாயே!" என்றார்.

"எந்திரிங்க மாமா. சாமி வரல, கோவம் வந்திருக்கு. எங்கம்மாவத் தள்ளுனா எனக்குக் கோவம் வரும். இது சீக்கும் இல்ல, அம்மனும் இல்ல. எங்கோவம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "வாக்கு வந்துட்டு!" என்றாள் ஒருத்தி. என்ன புரிந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிரியதர்ஷினி அம்மாவைத் தூக்கி நிறுத்தினாள். பர்ஸைத் திறந்து இருவருக்குமான மாத்திரைகளை எடுத்தாள். கோயில் குழாயில் தண்ணீர் பிடித்து, ஊர் பார்க்க இருவரும் விழுங்கினார்கள். குலவை நின்றது. மேளக்காரர்கள் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி எழுந்து, "சாமி மலையேறிட்டு" என்று அறிவித்தார்.

"அம்மனாவது ஒங்ககிட்டருந்து தப்பிச்சாளே" என்று சொல்லிவிட்டு, பிரியதர்ஷினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.