அம்புஜம் உப்புப் பார்த்தது

மொன்ட்ரியாலில் அம்புஜத்துக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஆபீஸ் விருந்துக்குத் தான் கொடுத்தனுப்பும் பாத்திரம் காலியாகத் திரும்பி வர வேண்டும். ஆகஸ்டு தோறும் அவள் கணவர் பாலசந்திரனின் ஆபீஸில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுவார்கள். போன வருஷம், 1973இல், அவள் புளியோதரை ஒரே ஒரு கரண்டிக் குழியோடு வீடு திரும்பியது. அந்தக் குழியை அவள் மறக்கவில்லை.

இந்த வருஷம் எதிர் வீட்டு மெக்சிகோக்காரி கன்சுவேலோவைப் பிடித்தாள். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், போதாதா என்ன. கன்சுவேலோ தன் மூன்று கால் கல்லுரலைத் தூக்கி வந்து, ஜான்-டலோன் சந்தைத் தக்காளியை எண்ணெயில்லாமல் தோசைக்கல்லில் தோல் கருகச் சுட்டாள். மிளகாயும் அப்படியே. "பூண்டு வேண்டாமே" என்றாள் அம்புஜம். கன்சுவேலோ காதில் போட்டுக்கொள்ளாமல் அதையும் சுட்டாள். பூண்டையும் மிளகாயையும் உப்போடு நசுக்கி, பிறகு தக்காளியைப் போட்டுக் கொரகொரவென்று அரைத்தாள். சல்சா என்றால் இவ்வளவுதான். தாளிக்க மறந்த துவையல்.

கொத்துமல்லி பறிக்கக் கன்சுவேலோ தன் பால்கனிக்குப் போனாள். அம்புஜம் சும்மா இருந்திருக்கலாம். அவள் சமையலில் உப்பு கடைசியில்தான் விழும். கை தானாகப் போய் ஒரு பிடி போட்டுவிட்டது.

"ருசி பார்த்தாயா?" என்று கேட்டபடி வந்தாள் கன்சுவேலோ.

"சமைக்கறச்சே நாங்க வாயில வைக்கமாட்டோம். எச்சில்."

கன்சுவேலோ விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நீயும் பார்" என்றாள்.

பதினாறு வருஷச் சமையலில் செய்யாத காரியம். ஆனால் அந்தக் குழி கண்முன் வந்து நின்றது. அம்புஜம் விரலை விட்டாள். ஒரே கரிப்பு.

இன்னும் ஆறு தக்காளி சுட்டு அரைத்தார்கள். பார்த்தார்கள். கரித்தது. இன்னும் நாலு. விரல் போதாமல் காலையில் மிஞ்சிய சப்பாத்தியைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டார்கள். உப்பு சரியாகிவிட்டது என்று இருவருக்கும் தெரிந்தது. ஆனாலும் பார்த்தார்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஆறிப்போனதைத் தின்றே பழகியவள் அம்புஜம். இன்று முதல் ஆளாகச் சுடச்சுடத் தின்றாள். மனசு நிறைந்து போயிற்று.

பாலசந்திரன் டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். "ரெடியா அம்புஜம்? பாத்திரம் எங்கே?"

அவள் கடைசிச் சப்பாத்தித் துண்டால் கல்லுரலை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"காலியாயிடுத்து" என்றாள். "அலமாரியில ஊறுகாய் இருக்கு. எடுத்துண்டு போங்கோ."