அட்டை குளிப்பவனின் கடி

யுத்தம் முடிந்து மீள்குடியேற வந்த முதல் வருடம் சிலாவத்துறையில் எங்கள் வளவு முழுக்க உடைமரம். அதை வெட்டிக் குவித்துக் கொளுத்தியபோது மண்ணுக்குள் கிடந்த எதுவோ வெடித்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. மேல்தாடையின் முன்பக்கமும் அதிலிருந்த பற்களும் போய்விட்டன.

பார்க்க வந்தவர்கள் என் முகத்துக்காகக் கவலைப்பட்டார்கள். எனக்கு முகம் ஒரு பொருட்டே இல்லை. நான் கடலட்டை குளிப்பவன், கடலடியில் மூழ்கி அட்டை பொறுக்குபவன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் கல்பிட்டிக் கடலில் அதுதான் தொழில். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, அதன் குழாயின் ரப்பர் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு இறங்க வேண்டும். பல் இல்லாதவனுக்குக் கடலுக்கடியில் மூச்சு இல்லை. சொந்தக் கடலுக்குத் திரும்பி வந்தும், கரையில் நின்று மற்றவர்கள் இறங்குவதைப் பார்க்க வயிறு எரிந்தது. எப்படியும் இறங்குவது என்று முடிவு செய்தேன்.

சில வருடங்கள் கழித்துக் கொழும்பில் ஒரு பெண் டாக்டர் கிடைத்தார். ஸ்கேன் எடுத்து, என் மண்டையோட்டைக் கம்ப்யூட்டர் திரையில் சுழற்றிக் காட்டினார். போன எலும்பின் இடத்துக்கு எனக்கென்றே அளவெடுத்துச் செய்த டைட்டானியத் துண்டு, அதன் மேல் பல். எல்லாவற்றையும் திரையிலேயே முடிவு செய்த பிறகுதான் கத்தியைத் தொடுவாராம். கீழ்ப்பல் எங்கே வந்து பொருந்தும் என்று அறிய, மெழுகைத் தந்து கடிக்கச் சொன்னார். கடித்தேன்.

அந்தக் கடியை வைத்து, பரீட்சித்துப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் பல்வரிசை செய்தார்கள். அதை வைத்து வாயை மூடினால் முன்பல் தெருவைப் பார்த்தது. கீழ்ப்பல் அதற்கு எட்டவே இல்லை. டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்ன தொழில் செய்யிறனீங்கள்?"

சொன்னேன். ரப்பரை எப்படிக் கடிப்பேன் என்று செய்து காட்டச் சொன்னார். கீழ்த்தாடையை முன்னே தள்ளிக் கடித்தேன். பிளாஸ்டிக் பற்கள் கச்சிதமாகப் பொருந்தின. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அத்தனை வருடப் பழக்கத்தில் மெழுகையும் நான் அப்படியே கடித்திருக்கிறேன்.

"அப்ப இதையே வச்சு விடுங்கோ டாக்டர். எனக்குக் கடல்தானே வேணும்."

"ஏலாது. நீங்கள் சோறு தின்னுறது கரையில. கடி பிழைச்சா ஸ்குரூ ஆடும், எல்லாம் கழண்டு வரும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து போகப் பார்த்தேன். கூட வந்திருந்த என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். "பல்லை அவ பாக்கட்டும். ரப்பரை நீங்க பாருங்கோ," என்றாள். மறுபடியும் கதிரையில் சாய்ந்தேன். எச்சிலை விழுங்கச் சொல்லி, தாடை தானாக வந்து நின்ற இடத்தில் டாக்டர் மறுபடியும் மெழுகு வைத்தார். திரையில் முன்பற்கள் பின்னுக்குப் போயின.

சத்திரசிகிச்சை முடிந்து, புண் ஆறி, இறங்கலாம் என்று டாக்டர் சொல்லும்வரை பொறுத்தேன். அதற்குள் ரப்பரை பிளேடால் செதுக்கிப் புதுப் பல்லுக்குப் பொருத்தினேன். வாளித் தண்ணீருக்குள் முகத்தை வைத்து, தாடையைத் தள்ளாமல் கடிக்கப் பழகினேன். பழக்கம் லேசில் விடவில்லை. நானும் விடவில்லை.

"வாளிக்குள்ள எத்தினை அட்டை பிடிச்சனீங்க?" என்பாள் மனைவி.

அனுமதி கிடைத்ததும் மச்சானின் படகில் போனேன். ஆழமில்லாத இடமாகப் பார்த்து இறங்கினேன். தண்ணீர் தலைக்கு மேலே மூடியது. பயந்து பயந்து மூச்சை இழுத்தேன். காற்று வந்தது, ஒரு துளி உப்பும் இல்லாமல். இன்னொரு மூச்சு. அதுவும் காற்றுத்தான். அடிமணல் தெரிந்தது. மறுகணம் வாய் நிறையக் கடல்.

இருமிக்கொண்டே மேலே வந்து படகைப் பிடித்தேன். மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன, பல்லுக் கழண்டு போச்சோ?"

"இல்ல மச்சான், சிரிச்சிட்டன்."